நிற்க இடமில்லாத சாலை: அகலப்படுத்துதல் என்னும் சொல்லாடல் குறித்துச் சில குறிப்புகள்

சாலை போடுவது பொறியாளர் வேலை, அதில் தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு என்ன சோலி என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எந்தச் சாலையும் தாரில் போடப்படுவதற்கு முன்னால் தாளில் எழுதப்படுகிறது. போக்குவரத்துக் கணக்கெடுப்பு, திட்ட அறிக்கை, நில எடுப்பு அறிவிக்கை, ஆக்கிரமிப்பு அகற்றும் நோட்டீஸ், புளியமரங்களின் ஏலப் பட்டியல் என்று ஒரு சாலைக்குப் பின்னால் கட்டுக்கட்டாகப் பிரதிகள் இருக்கின்றன. பிரதி என்றால் அதற்கு ஒரு சொல்லி உண்டு, அது எதிர்பார்க்கிற ஒரு வாசகன் உண்டு, அது வாய்திறக்காத இடங்கள் உண்டு. நாவலை வாசிக்கிற அதே கண்ணோடு இவற்றையும் வாசிக்கலாம். வாசிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஏனென்றால் நாவல் யாருடைய வீட்டையும் இடிப்பதில்லை.

இருக்கன்குடியை வெளியூர்க்காரர்கள் கோவிலை வைத்துத்தான் அறிவார்கள். சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடம். இரண்டு கங்கைகளுக்கு நடுவில் உள்ள குடி என்பதால் இந்தப் பெயர் என்று சொல்வார்கள். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அந்தக் கங்கைகளில் மணலும் சீமைக்கருவேலமும்தான். ஆடி மாசம் வந்துவிட்டால் ஆற்றுப்படுகையே ஊராகிவிடும். விருதுநகர், கோவில்பட்டி, சிவகாசி, ராஜபாளையம், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து சனம் நடந்து வரும். மஞ்சள் சேலை, வேப்பிலை, தலையில் பை, இடுப்பில் பிள்ளை. கடைசி வெள்ளிக்குக் கூட்டம் உச்சம். அன்றைக்குச் சாத்தூரிலிருந்து கோவில் வரைக்கும் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாய் நின்றுவிடும்.

மறுநாள் டீக்கடையில் பேச்சு ஆரம்பிக்கும். "ரோட்ட அகலப்படுத்தாம இதுக்கு விடிவு கெடையாது." சொல்கிறவர் யாரும் கெட்டவர் இல்லை. மூணு மணி நேரம் வேனுக்குள் வெந்தவர். நான் வேண்டாம் என்றால், "ஒமக்கென்னய்யா, ஒரு எடத்துல ஒக்காந்து எழுதுற ஆளு" என்பார். அந்த மூணு மணி நேரம் பொய் இல்லை. ஆனால் அந்த நெரிசலுக்குள்ளேயே இரண்டு விதமான ஆட்கள் இருந்தார்கள். வேனில் இருந்தவர் நின்றுவிட்டார். பக்கத்தில் நடந்து போனவள் நிற்கவே இல்லை. அவள் அந்தி சாய்வதற்குள் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தாள். நெரிசல் என்று நாம் பேசுவது ஒரு தரப்பாரின் அனுபவம். அது எப்படி ஊரின் அனுபவமாக எழுதப்படுகிறது என்பதுதான் கேள்வி.

*

இந்திய ரோடு காங்கிரஸ் 1934இல் ஏற்படுத்தப்பட்ட அமைப்பு. நம் சாலைகள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான விதிநூல்களை அதுதான் எழுதுகிறது. ஊர்ப்புறச் சாலைகளின் கொள்திறன் பற்றி அது 1990இல் வெளியிட்ட விதிநூலில் ஓர் அட்டவணை இருக்கிறது. எல்லா வண்டிகளையும் ஒரே அலகில் எண்ணுவதற்கான அட்டவணை. அந்த அலகின் பெயர் 'பயணிக் கார் அலகு'. கார் என்றால் ஒன்று. மோட்டார் சைக்கிள் அரை. சைக்கிளும் அரை. பஸ்ஸும் லாரியும் மூன்று. கைவண்டி மூன்று. மாட்டுவண்டி எட்டு.

பொறியாளர்கள் இதை வெறும் கணக்கு என்பார்கள். எனக்கு இது அந்தப் பிரதியின் இலக்கணமாகவே தெரிகிறது. மாட்டுவண்டி எட்டு என்றால் என்ன பொருள்? ஒரு மாட்டுவண்டி எட்டுக் கார்களின் வழியை மறிக்கிறது என்று பொருள். ஒரு வண்டி தன்னளவில் என்ன செய்கிறது, எதைச் சுமக்கிறது என்பதற்கு இங்கே இடமில்லை. காருக்கு எவ்வளவு இடைஞ்சல் என்பதே அதன் மதிப்பு. கார் அளக்கப்படும் பொருளாக இல்லை, அளவுகோலாகவே ஆகிவிட்டது. பஸ்ஸைப் பாருங்கள். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு வருகிற டவுன் பஸ்ஸுக்கு மூன்று அலகு. அதே அறுபது பேர் காருக்கு இரண்டு பேராகப் போனால் முப்பது அலகு. பத்தில் ஒரு பங்கு இடத்தில் முடிகிற காரியத்தைச் செய்கிற பஸ்ஸை, மூன்று காருக்குச் சமமான தொந்தரவு என்று பதிவு செய்கிறது அட்டவணை. ஆட்களை எண்ணியிருந்தால் இப்படி வந்திருக்காது. எண்ணுவது வண்டியை.

நடக்கிறவளுக்கு? அவளுக்கு அந்த வரிசையில் எண்ணே இல்லை. அரைகூட இல்லை. விளிம்பு, மற்றமை என்றெல்லாம் நாம் கனமான சொற்களைப் புழங்குகிறோம். இங்கே அது ரொம்பச் சாதாரணமாக, ஓர் அட்டவணையில் ஒரு வரி இல்லாமல் போவதன் மூலம் நடந்துவிடுகிறது. கடைசி வெள்ளிக்கு லட்சம் கால்கள் அந்த ரோட்டில் போனாலும் கார்க் கணக்கில் போக்குவரத்து பூஜ்யம்தான். அவர்கள் வண்டிகளைத் தாமதப்படுத்துகிற அளவுக்கு மட்டும் கணக்குக்குள் வருவார்கள். வந்து, அகலப்படுத்துவதற்கான காரணமாகவும் ஆவார்கள். நடந்தவர்களைச் சாட்சியாக வைத்து, நடக்க முடியாத சாலைக்குத் தீர்ப்பு எழுதப்படுகிறது.

*

இதெல்லாம் ஊகம் என்று தோன்றினால், நாம் ஏற்கெனவே ஓர் அகலப்படுத்தலைப் பார்த்துவிட்டோம். மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை, இப்போது 44ஆம் எண், வடக்கு-தெற்கு வழித்தடத் திட்டத்தில் நான்கு வழியானது. விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி எல்லாம் அதன் ஓரத்து ஊர்கள். ஓரம் என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன். முன்னால் அவை அந்தச் சாலை மேலே இருந்த ஊர்கள்.

பழைய ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரங்கள் நின்றன. அடியில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்து எண் எழுதியிருப்பார்கள். மகசூலை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். எண் போட்டது காப்பாற்றவா வெட்டவா என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. வெட்டும்போது பட்டியல் தயாராக இருந்தது. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் வந்தது. நாற்சந்தியில் நிற்கும் ஒரு மரம் மனிதர்களின் போட்டிக்குள் சிக்கிச் சாவதற்கு ஒரு நாவல் முழுக்கத் தேவைப்பட்டது. மரம் போன பிறகும் சந்திப்பின் பெயரில் அது இருந்தது. நான்கு வழிச்சாலையில் அதுவும் இல்லை. மரத்தோடு சந்திப்பும் போய்விட்டது. இப்போது இருப்பது அணுகுசாலை.

சாத்தூரில் பஸ் நின்றால் சன்னலுக்கு வெள்ளரிக்காயும் சேவுப் பொட்டலமும் வரும். சாத்தூர் வெள்ளரியைச் சாப்பிடாமல் அந்த ரோட்டில் யாரும் போனதில்லை. அந்த வியாபாரம் ஓர் ஊர் மேல் பஸ் நிற்பதை நம்பி இருந்தது. நான்கு வழி வந்த பின்னால் அரசுப் போக்குவரத்துக் கழகமே 'பைபாஸ் ரைடர்' என்று பெயர் எழுதிய பஸ்களை விட்டது. மதுரையில் ஏறினால் திருநெல்வேலிதான். இடையில் உள்ள ஊர்கள் சன்னலுக்கு வெளியே நகர்கிற பெயர்ப்பலகைகள். பைபாஸ் ரைடர் அல்லாத வண்டியில் ஏறினாலும் ராத்திரியில் நடத்துனர் சொல்வார்: "ஊருக்குள்ள போகாது, பைபாஸ்ல எறங்கிக்கோங்க." பெட்டியும் பிள்ளையுமாக இருட்டில் இறங்கி, எதிர்ப்பக்கம் போக நடுத்திட்டைத் தாண்டுகிறவர்களை இந்தப் பக்கத்துக்காரர் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சில பேர் நாமேதான்.

இதைக் கவனிக்க வேண்டும். சாலை அகலமானதால் பஸ் அதிகமாகவில்லை. பஸ் நிற்பது குறைந்தது. பஸ் நிற்காததால் ஆளுக்கொரு இருசக்கர வண்டி வாங்கினார்கள். வண்டிகள் பெருகியதால் சாலை போதவில்லை என்று அடுத்த அகலப்படுத்தலுக்குக் காரணம் கிடைத்தது. அமெரிக்க நகரங்களின் கணக்கை எடுத்துப் பார்த்த டுராண்டன், டர்னர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள், சாலையின் நீளத்தைக் கூட்டினால் வண்டிகள் ஓடும் தூரமும் ஏறக்குறைய அதே வீதத்தில் கூடிவிடுகிறது என்று 2011இல் காட்டினார்கள். நம் ஊர்க்காரர்கள் இதைக் கட்டுரை படிக்காமலே அறிவார்கள். கண்மாயில் மடையை அகலமாக்கினால் தண்ணீர் கூடாது, சீக்கிரம் காலியாகும்.

இந்தச் சுழற்சியின் விலை உயிர். சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி அந்த ஒரே வருஷத்தில் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர வண்டியில் போனவர்கள் 74,897. நடந்து போனவர்கள் 32,825. இரண்டையும் சேர்த்தால் நூற்றுக்கு அறுபத்து நான்கு. தமிழ்நாட்டில் மட்டும் 17,884. தேசிய நெடுஞ்சாலைகள் நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் சுமார் 2 சதவீதம்தான், சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவற்றில். ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போகலாமே, 108 வண்டிக்கு வழி வேண்டாமா என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் எதிர்ப்பேச்சு இல்லை. வழி வேண்டும். ஆனால் அந்த வண்டியில் படுக்கவைக்கப்படுகிறவர்களை உண்டுபண்ணுவது எது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இவான் இல்லிச் 1970களில் ஒரு கணக்குப் போட்டார். ஓர் அமெரிக்கன் தன் காருக்காக வருஷத்தில் 1,600 மணி நேரம் செலவழிக்கிறான். ஓட்டுவது, நிறுத்துவது, தவணை கட்டுவதற்காக உழைப்பது எல்லாம் சேர்த்து. அதில் அவன் கடக்கிற தூரம் 7,500 மைல். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு. நடையைவிடக் கொஞ்சம் கூடுதல். பட்டாசு ஆபீஸில் வேலை செய்து மூணு வருஷத் தவணையில் பைக் எடுத்த பையனுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் என்ன வரும் என்று யாராவது செய்து பார்க்கலாம். நெடுஞ்சாலை ஏறினால் எட்டூர்வட்டத்தில் சுங்கச்சாவடி. பைக்குக்குக் கட்டணம் இல்லை என்பது ஒரு ஆறுதல்.

*

இருக்கன்குடி அம்மனின் கதையை எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். சாணம் பொறுக்க வந்த ஒரு சிறுமி, கூடையை இறக்கித் தரையில் வைத்தாள். திரும்பத் தூக்கப் பார்த்தால் முடியவில்லை. கூடை தரையோடு ஒட்டிக்கொண்டது. அவள் மேல் அருள் வந்து, கூடை இருக்கிற இடத்துக்கு அடியில் தான் இருப்பதாக அம்மன் சொன்னாள். தோண்டினார்கள்.

பக்தியை விட்டுவிட்டுக் கதையின் அமைப்பை மட்டும் பார்த்தால், இது நிற்பதைப் பற்றிய கதை. சுமையோடு நடக்கிற ஒரு ஏழைப் பெண்பிள்ளை, சுமையை இறக்க ஓர் இடம். அந்த இடம் தெய்வமாகிறது. நம் நாட்டார் மரபில் வழி என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. சுமைதாங்கிக் கல், தண்ணீர்ப்பந்தல், சத்திரம், ஒற்றைப் பனையடியில் ஒரு மாடன். போவதற்கான வழியில் நிற்பதற்கான இடங்கள்தான் அடையாளம். பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்துப்போனவளின் நினைவாகச் சுமைதாங்கி நட்டார்கள். இறக்கி வைக்க முடியாமல் போனவள் பெயரில், மற்றவர்கள் இறக்கி வைக்க ஒரு கல்.

இந்தக் கதையை 2021இல் வந்த மாரி செல்வராஜின் 'கர்ணன்' படத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். படம் வந்தபோது வன்முறை, நாயக பிம்பம், கொடியன்குளம் என்று நிறையப் பேசினோம். 1995இல் கொடியன்குளத்தில் காவல்துறை நடத்திய தாக்குதலின் நினைவு அதில் இருப்பதால் அந்தப் பேச்சு தேவைதான். ஆனால் கதையின் முடிச்சு ஒரு பஸ் நிறுத்தம். பொடியங்குளத்துக்கு நிறுத்தம் கிடையாது. பஸ் ஏற மேலூருக்குப் போக வேண்டும், அங்கே போனால் அவமானம். படத்தின் தொடக்கத்தில் ஒரு சிறுமி நடுரோட்டில் வலிப்பு வந்து துடிக்கிறாள். வண்டிகள் அவளை ஒதுக்கிக்கொண்டு போகின்றன. எதுவும் நிற்கவில்லை. அவள் செத்துத் தெய்வமாகிறாள்.

இரண்டு சிறுமிகள், இரண்டு தெய்வங்கள். ஒருத்தி நின்ற இடத்தில் அம்மன் பிறந்தாள். இன்னொருத்திக்காக யாரும் நிற்காததால் அவளே தெய்வமாக வேண்டியதாயிற்று. இடையில் நடந்தது என்ன? வழி, கடத்தியாக மாறியதுதான். கடைசியில் ஒரு சின்னப் பையன் கல்லெடுத்து எறிகிற பஸ், போதாத அகலமுள்ள சாலையில் மாட்டிக்கொண்ட பஸ் இல்லை. தாராளமான சாலையில், நிற்க மனமில்லாமல் போகிற பஸ். பொடியங்குளத்துச் சனம் படம் முழுக்க ஒரு தடவைகூட ரோட்டை அகலமாக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நிறுத்தச் சொல்லிக் கேட்டார்கள். நம் சூழலில் போக்குவரத்து பற்றி இதைவிடத் தெளிவான கோரிக்கையை நான் எந்த அறிக்கையிலும் படித்ததில்லை.

*

இங்கே ஒரு எதிர்வாதத்தை எடுத்தே ஆக வேண்டும். சுமைதாங்கி, சத்திரம் என்று பழைய வழியைப் பற்றி உருகுவது நமக்கு லேசாக வருகிறது. ராணி மங்கம்மாள் சாலை போட்டாள், மரம் வைத்தாள், சத்திரம் கட்டினாள் என்பதை இந்தப் பக்கம் இன்னும் சொல்கிறோம். அந்தச் சத்திரங்களில் யார் எந்தத் திண்ணையில் படுக்கலாம் என்பதைச் சொல்வதில்லை. வைக்கத்தில் 1924இல் போராட வேண்டியிருந்தது கோவிலுக்குள் போக அல்ல, கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க. செருப்புப் போட்டு நடக்காதே, சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்ற சட்டங்கள் நம் கிராமங்களில் எழுதப்படாமலே அமலில் இருந்தன. பல இடங்களில் எழுதப்படாததால்தான் இன்னும் ஒழியவில்லை. நெடுஞ்சாலையில் அப்படி இல்லை. அங்கே யார் தெருவும் இல்லை. பைக்கில் முறுக்கிக்கொண்டு போகிற தலித் இளைஞனுக்கு அந்தத் தாரில் கிடைக்கிற விடுதலையை, மரநிழல் போச்சே என்று அழுகிற என்னைப் போன்றவன் ஏளனம் செய்ய முடியாது.

பஸ் மட்டும் என்ன சமத்துவபுரமா? 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து அரசு ஒரு போக்குவரத்துக் கழகத்தைத் தொடங்கி, வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. தேவேந்திரர் ஒருவரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் சொன்னார்கள். தென்மாவட்டங்களில் கலவரம், சாவுகள். முடிவில் அரசு செய்தது எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயரை எடுத்துவிட்டது. நம் பஸ்களில் வெறுமனே 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்று எழுதியிருப்பதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. அந்த நடுநிலையான எழுத்து ஓர் அழிப்பின் மேல் எழுதப்பட்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது தலைகீழான முடிவு. பஸ் என்பது வெறும் வண்டியாக இருந்திருந்தால் அதன் பெயருக்காக யாரும் வெட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். யார் பக்கத்தில் யார் உட்காருவது, யார் எழுந்து இடம் கொடுப்பது என்பது நாள்தோறும் நடக்கிற இடம் அது. தோள் இடிக்கிற இடம். அதனால்தான் சண்டை வந்தது, அதனால்தான் அது முக்கியம். சண்டைக்குப் பயந்து அவரவர் வண்டிக்குள் போய்ச் சன்னலை ஏற்றிக்கொள்வதற்கு வசதியாகச் சாலை அகலமாகிறது. சாதி அப்படியே இருக்கிறது, குளிர்சாதனத்தோடு. பைக்கில் கிடைத்த விடுதலையும் ஊர் எல்லை வரைக்கும்தான். நான்கு வழி எத்தனை வந்தாலும் மேலத்தெரு அகலமாவதில்லை.

2021 மே மாதம் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை என்று ஆனது. இதை ஓட்டுக்கான இலவசம் என்று பேசுகிற நண்பர்கள் நம் முகாமிலேயே இருக்கிறார்கள். எங்கள் மதினி ஒருத்தி சொன்னாள்: "முன்னயெல்லாம் சாத்தூர் போகணும்னா அவுககிட்ட காசு கேக்கணும், எதுக்குன்னு கேப்பாக. இப்ப சோலி இருக்குன்னு போயிருவேன்." புருஷனிடம் காரணம் சொல்லாமல் ஒரு பெண் பக்கத்து ஊருக்குப் போய்வருவதை எந்த எட்டு வழிச்சாலையும் சாதித்ததாகத் தெரியவில்லை. அவளுக்கும் ஒரு குறை உண்டு. பஸ் நேரத்துக்கு வராது. வந்தாலும், காசில்லாத டிக்கெட்டுகள் நிற்பதைப் பார்த்துச் சில ஓட்டுநர்கள் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மறுபடியும் அதே கதை.

*

பசுமை என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம். சேலத்திலிருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடி ரூபாய் என்று 2018இல் வந்த எட்டு வழித் திட்டத்துக்குப் 'பசுமை வழிச்சாலை' என்று பெயர். திட்டக்காரர்களின் ஆங்கிலத்தில் 'கிரீன்ஃபீல்டு' என்றால் ஏற்கெனவே எதுவும் கட்டப்படாத வெறும் நிலம் என்று அர்த்தம். தமிழில் அது பசுமை ஆனது. வயலும் தென்னையும் கிணறும் இருந்த இடத்தை வெறுமை என்று சொல்கிற சொல், தமிழுக்கு வரும்போது அந்த வயலின் நிறத்தையே திருடிப் போர்த்திக்கொண்டு வந்தது. மொழிபெயர்ப்பின் அரசியல் என்று நாம் கருத்தரங்கம் போடுகிறோமே, அதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. பெண்கள் அளவுக்கல்லைப் பிடுங்கி எறிந்தார்கள். உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரலில் நில எடுப்பை ரத்து செய்தது. உச்சநீதிமன்றம் 2020 டிசம்பரில், புதிதாக அறிவிக்கை வெளியிட்டுத் தொடரலாம் என்றது.

சட்டத்தின் நிலையும் தெரிந்திருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீடு வேண்டும் என்கிறது. ஆனால் 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தை அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. நட்டஈட்டுக் கணக்கு பிற்பாடு பொருந்தியது. மாநிலச் சாலைகளுக்கு 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம். அதற்கும் இங்கே விலக்கு வாங்கினார்கள். 2019 ஜூலையில் உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்றதும், சில நாட்களிலேயே சட்டமன்றத்தில் மீட்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2021 ஜூனில் உச்சநீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இரண்டு திராவிடக் கட்சிகளுக்கும் இதில் பெரிய கருத்து வேறுபாடு இருந்ததாக எனக்குப் படவில்லை. ஆக, சாலைக்கு நிலம் எடுக்கும்போது, இதனால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்க வேண்டிய கட்டாயம் அரசுக்கு இல்லை. கேள்வியை நாம்தான் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

ஆனால் சுற்றுச்சூழல் என்று சொல்லிக்கொண்டு சிவகாசிப் பக்கம் கேட்கப் போனால், முதலில் திட்டு வாங்க வேண்டும். 2018இல் பசுமைப் பட்டாசு என்ற தீர்ப்பு வந்தது, அதிலேயே பேரியம் தடையும் வந்தது. தில்லியின் காற்றுக்காக இங்கே ஆபீஸ்கள் மூடிக்கிடந்தன. அந்த வழக்கின் பிரதியில் பட்டாசு சுற்றுகிற பெண் எத்தனை வரியில் வந்தாள்? கார்ப் புகையைப் பற்றி அதே வேகத்தோடு யாராவது தீர்ப்பு எழுதினார்களா? இப்படிக் கேட்கிறவர்களிடம் நியாயம் இருக்கிறது. விடிகாலையில் ஆபீஸ் வேன் கிராமத்து வாசலுக்கே வந்து ஆளை அள்ளிக்கொண்டு போகிறது. வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் வண்டி வாசலுக்கு வரும். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டுமென்றால் பைபாஸுக்கு நடந்துபோய் நிற்க வேண்டும். அகலமா நிறுத்தமா என்ற கேள்வியை இந்தப் பெண்களின் பக்கத்திலிருந்து கேட்காமல், பறவைகளின் பக்கத்திலிருந்தும் மரங்களின் பக்கத்திலிருந்தும் மட்டும் கேட்டால் நம் கூட்டத்துக்கு நாமே கைதட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

*

என்ன கேட்பது? சாத்தூர்–இருக்கன்குடி சாலையைக் குழியில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும், அகலம் வேண்டாம். அகலத்துக்கு ஆகிற காசில் ஓரத்தில் நடைபாதை, நிழல், நாலு இடத்தில் தண்ணீர். நான் சொல்கிற மரம் அழகுக்கு நடுகிற கொன்றை இல்லை, வேம்பு, புளி. ஆடி வெள்ளிகளில் கார்களையும் வேன்களையும் சாத்தூரிலேயே நிறுத்திவிட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸாகக் கோவிலுக்கு ஓட்ட வேண்டும். பஸ்ஸுக்குத் தனி வழிவிட்டால் மூணு மணி நேரம் வேக வேண்டியதில்லை. சபரிமலைக்குப் போகிறவர்கள் நிலக்கல்லில் வண்டியை விட்டுவிட்டுப் பம்பைக்குப் பஸ்ஸில் போகிறார்கள். அம்மன் பக்தர்களுக்கு மட்டும் அது முடியாதா? நெடுஞ்சாலை ஓரமாக நடந்து வருகிறவர்கள் இருட்டில் லாரிக்குப் பலியாகாமல் வர, ஆடியிலாவது ஒரு வழியைத் தடுப்பு வைத்துப் பிரித்துக் கொடுக்கலாம். நான்கு வழி இருக்கிறதே, ஒன்றைக் கொடுத்தால் என்ன?

சாத்தூர் ஸ்டேஷன் 1876இலிருந்து ரயில் போகிற தடத்தில் இருக்கிறது. கொரோனாக் காலத்தில் பாசஞ்சர் வண்டிகளை எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றிப் பத்து ரூபாய் டிக்கெட்டை முப்பதாக்கினார்கள். பழைய கட்டணம் திரும்ப 2024 ஆகிவிட்டது. இரட்டைப் பாதை வந்த பின்னும் இந்த ஊர்களுக்கு நடுவே காலையும் மாலையும் போய்வருகிற சின்ன வண்டிகள் போதுமான அளவு இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் எல்லா அரசு பஸ்களும் ஊருக்குள் வந்து போக வேண்டும் என்பது காசே ஆகாத கோரிக்கை. ஓர் உத்தரவு போதும்.

கணக்கெடுப்பை நாமே செய்யலாம். ஆடிக் கடைசி வெள்ளி பெரும்பாலும் ஆகஸ்ட் 10க்கும் 16க்கும் இடையில் விழும். ஆகஸ்ட் 15 கிராம சபை. அந்த வெள்ளியன்று சாத்தூர் முக்கிலும் ஆற்றுப்பாலத்திலும் நோட்டும் பென்சிலுமாக நாலு பேர் நாலு மணிக்கு ஒரு மாற்று என்று உட்கார்ந்து, வண்டியை அல்ல, ஆட்களை எண்ண வேண்டும். காரில் இத்தனை பேர், வேனில் இத்தனை, பஸ்ஸில் இத்தனை, பைக்கில் இத்தனை, நடையில் இத்தனை. பெண்கள் எத்தனை, தலையில் சுமை இருப்பவர்கள் எத்தனை. அந்தத் தாளைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்ல வேண்டும். வெள்ளி பதினாறாம் தேதியில் விழுகிற வருஷத்தில் அக்டோபர் 2 கிராம சபைக்குக் கொண்டுபோக வேண்டும். தலைவர் முகம் சுளிப்பார், செயலர் வார்த்தையை மாற்றி எழுதப் பார்ப்பார். எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள நம்மில் ஒருவர் போதும்.